ஆறாப் புண்களை ஆற்றிய கைகள்

நோய் தீர்ந்துவிட்டது என்று மருத்துவர் கூறிய பின்னரும் புண் மட்டும் ஆறாமல் நின்றுவிட்டால், அந்த மனிதரை உலகம் நோயாளி என்றே கருதும். தொழுநோயின் நெடிய வரலாற்றில் எண்ணற்ற மக்களுக்கு இத்துயரம் நேர்ந்தது. உடலில் கிருமி இராது. ஆனால் பாதத்தில் குழிப்புண் இருக்கும். மருந்து வென்றிருக்கும், ஆனால் விரல்கள் ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே போகும். தொழுநோயாளியின் தசையே கெட்ட தசை, அது ஒருபோதும் ஆறாது என்று மக்கள் மட்டுமன்றி மருத்துவர்களும் நம்பிய காலம் ஒன்றிருந்தது. அந்த நம்பிக்கை தவறானது என்று மெய்ப்பித்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பால் வில்சன் பிராண்ட். புண்ணை ஆற்றும் வழியைத் தேடிப் புறப்பட்ட அவர், இறுதியில் கண்டது வலி என்பதன் அருமையை.

கொல்லிமலைச் சிறுவன்

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் தமிழகத்தில் பிறந்தார். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து, கொல்லிமலையில் வாழ்ந்த மலைமக்களிடையே தொண்டாற்றியவர்கள். தந்தை முழுமையான மருத்துவக் கல்வி பெற்றவர் அல்லர். எனினும் அருகில் வேறு மருத்துவர் இல்லாமையால், பல் பிடுங்குவது முதல் நரம்புச் சிலந்திப் புழுவை எடுப்பது வரை எல்லாம் அவரே செய்ய வேண்டியிருந்தது. சீழும் இரத்தமும் கண்ட சிறுவன் பாலுக்கு மருத்துவத் தொழிலின்மீது அருவருப்பே உண்டாயிற்று.

ஒரு நாள் அந்த மலைவீட்டுக்குத் தொழுநோயாளிகள் சிலர் வந்தனர். தந்தை பிள்ளைகளை விலகியிருக்கச் சொன்னார். கைகளுக்கு உறை அணிந்துகொண்டு, வந்தவர்களின் பாதங்களைக் கழுவிக் கட்டுப் போட்டனுப்பினார். எந்த நோயாளியிடமும் தயங்காத தந்தை அன்று தயங்கியதைச் சிறுவன் கவனித்தான். பிற்காலத்தில் வெறுங்கையால் ஆயிரக்கணக்கான பாதங்களைத் தொட்டுப் பார்க்கப்போகும் மருத்துவரின் உள்ளத்தில் அந்தக் காட்சி நெடுங்காலம் தங்கியிருந்தது.

1923ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், கல்விக்காகப் பால் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மீண்டும் காணவில்லை. 1929ஆம் ஆண்டு மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸி பிராண்டின் உயிரைக் கவர்ந்தது. தந்தி முதலில் வந்தது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னர் வந்து சேர்ந்தன. மறைந்துவிட்ட தந்தையின் அன்பு மொழிகளைப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் படித்தான்.

தச்சரிலிருந்து மருத்துவராக

மருத்துவம் படிப்பதற்கான செலவை ஏற்பதாக உறவினர் ஒருவர் முன்வந்தபோது, பால் அதை மறுத்துவிட்டார். தந்தையைப் போல ஏழை மக்களுக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆகவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தச்சு வேலையும் கட்டட வேலையும் பயின்றார். உளியைப் பிடிக்கும் முறை, மரத்தின் இழையோட்டம், எடையைத் தாங்கும் இடத்தில் அழுத்தம் எவ்வாறு பரவுகிறது என்பன போன்றவற்றை அவர் கைகள் கற்றுக்கொண்டன. வீணான ஆண்டுகள் எனச் சிலர் கருதிய அந்தப் பயிற்சி, பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரி தராத அறிவை அவருக்குத் தந்தது.

வெளிநாட்டில் தொண்டாற்றச் செல்வோருக்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோது, அவர் மனம் மாறியது. இரத்தப்போக்கினால் உயிர் பிரியும் நிலையிலிருந்த ஒரு பெண்மணிக்கு இரத்தம் ஏற்றப்படுவதையும், வெளிறிய கன்னங்களில் மெல்ல நிறம் திரும்புவதையும் அருகிலிருந்து பார்த்தார். அதுவரை அச்சுறுத்திய இரத்தம் அன்று உயிரின் உருவாகத் தோன்றியது. இலண்டனில் முறையாக மருத்துவம் பயின்று 1943ஆம் ஆண்டு தேறினார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை மணந்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் காயமுற்றோருக்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது கை நரம்புகளையும் தசைநாண்களையும் பற்றி நுட்பமாக அறிந்தார்.

1946ஆம் ஆண்டு, டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். பிறந்த மண்ணுக்கு அறுவை மருத்துவராகத் திரும்பினார்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

தோல்நோய் வல்லுநரான காக்ரேன், செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையோடு நெருங்கிய தொடர்புடையவர். 1947ஆம் ஆண்டு பிராண்ட் அங்கு சென்றார். மருத்துவமனைத் தோட்டத்தில் நடந்தபோது, மடங்கிய விரல்களும் தேய்ந்த பாதங்களும் அவர் கண்ணில் பட்டவண்ணம் இருந்தன. இவற்றுக்கு என்ன சிகிச்சை அளிக்கப்படுகிறது என்று வினவினார். எலும்பும் தசையும் அறிந்த அறுவை மருத்துவர் எவரும் இந்த நோயாளிகள் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை என்பதே காக்ரேனின் விடை. போலியோவினால் ஊனமுற்றோரைவிடத் தொழுநோயினால் ஊனமுற்றோர் மிகுதியாக இருந்தும் நிலைமை அவ்வாறிருந்தது.

அங்கிருந்த ஓர் இளைஞரின் மடங்கிய கையைப் பிடித்துத் தம் கையை இயன்றவரை இறுக்குமாறு பிராண்ட் கேட்டார். தளர்ந்த தொடுதலை எதிர்பார்த்திருந்தவருக்கு நகங்கள் தோலில் பதியும் அளவு வன்மையான பிடி கிடைத்தது. தமக்கு வலிக்கிறது என்பதே அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. அந்தக் கணத்தில் இரண்டு உண்மைகள் பிராண்டுக்கு விளங்கின. செயலற்றதாகக் கருதப்பட்ட கையில் வலிமையான தசைகள் உயிரோடு இருக்கின்றன. இல்லாதது உணர்ச்சி.

இதன்பின் அவரும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். உடலின் குளிர்ந்த பகுதிகளையே தொழுநோய்க் கிருமி விரும்புகிறது. ஆகவே முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் போன்று நரம்புகள் தோலுக்கு அருகே வரும் இடங்களில் அவை வீங்கிச் சிதைகின்றன என்பது தெளிவாயிற்று. முன்கையின் மேற்பகுதியிலுள்ள சில தசைகள் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. அவற்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரல்களில் பொருத்தினால், மடங்கிய விரல்கள் மீண்டும் நிமிரும். 1948ஆம் ஆண்டளவில் இத்தகைய அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. சோற்றைப் பிசைந்து உண்ணவும் எழுதுகோலைப் பிடிக்கவும் இயலாதிருந்த கைகள் மெல்ல அவற்றைச் செய்யலாயின.

பிச்சைக்கு உதவாத கைகள்

ஆயினும் விரல்கள் நிமிர்ந்ததோடு துயரம் தீரவில்லை. முதலில் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர் சிறிது காலத்துக்குப்பின் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். கைகள் நன்றாகிவிட்டதால் பிச்சையிடுவோர் இரங்குவதில்லை. தொழுநோயின் வடு இருப்பதால் வேலை தருவோரும் இல்லை என்பது அவர் முறையீடு. உறுப்பைச் சீராக்கிவிட்டு மனிதனைத் தெருவில் விட்டுவிட்டோம் என்பதைப் பிராண்ட் உணர்ந்தார்.

கல்லூரி வளாகத்தில் எளிய குடில்கள் எழுந்தன. அதற்கு நவஜீவ நிலையம் எனப் பெயரிடப்பட்டது. சிகிச்சை முடிந்தோர் அங்குத் தங்கித் தொழில் பயின்றனர். பழைய தச்சரான பிராண்ட் தாமே உளியும் இழைப்புளியும் எடுத்து, மர வேலை கற்றுத் தந்தார். பொம்மைகள் செய்யப்பட்டன, விற்கவும்பட்டன. நீண்ட காலமாக எவரும் தொட விரும்பாத கைகள் குழந்தைகள் விளையாடும் பொருளை உருவாக்கின.

காயங்களின் கணக்கு

அந்தப் பட்டறையில்தான் பெரிய புதிர் எதிர்ப்பட்டது. நோய்க்கிருமி நீங்கியவர்களின் கைகளிலும் புதுப்புதுப் புண்கள் தோன்றிக்கொண்டிருந்தன. இது நோயின் இயல்பா, அல்லது வேறு காரணம் உண்டா?

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் போராடிக்கொண்டிருந்தார். மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை வாங்கி, எளிதில் திருகிவிட்டான். அவனுடைய வலிமையை வியந்த பிராண்ட், தரையில் சொட்டிய இரத்தத்துளியைக் கண்டு திடுக்கிட்டார். சாவியின் விளிம்பு விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. சிறுவனோ ஏதும் அறியாது நின்றான். பெரியவர் ஒருவரின் கை வலி தாங்காமல் நிறுத்திக்கொண்ட இடத்தில், அந்தச் சிறுவனின் கை நிறுத்திக்கொள்ளவில்லை. அதற்கு நிறுத்தச் சொல்ல எவருமில்லை.

அன்றிலிருந்து நிலையத்தில் இருந்தோரின் கைகால்கள் நாள்தோறும் பார்வையிடப்பட்டன. ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடப்பட்டது. சுத்தியலின் பிடி அழுத்திய கொப்புளம் ஒன்று. கொதிக்கும் தேநீர்க் குவளை சுட்டது ஒன்று. அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியது ஒன்று. காரணமின்றி வந்த புண் அநேகமாக எதுவுமில்லை. கருவிகளுக்குத் தடித்த, வழவழப்பான பிடிகள் பொருத்தப்பட்டன. கைகளில் புண்கள் வெகுவாகக் குறைந்தன.

ஒன்று மட்டும் விளங்காமல் இருந்தது. இரவில் முழுமையாக இருந்த விரலின் நுனி காலையில் குறைந்திருந்தது. இரவு கண்விழித்துக் காவல் காத்தபோது விடை கிடைத்தது. எலிகள் வந்து உறங்குவோரின் விரல்களைக் கடித்தன, உணர்ச்சியற்றவர்கள் விழித்துக்கொள்ளவில்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்கின்றன என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த கதைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது புலனாயிற்று. அதன்பின் நிலையத்தை விட்டு வீடு திரும்புவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை வழங்கப்பட்டது.

அவ்வாறிருந்தும் ஒரு நிகழ்ச்சி பிராண்டின் நெஞ்சை உலுக்கியது. பல ஆண்டுகள் புறக்கணிப்பைச் சுமந்த ஓர் இளைஞர், கைகால்கள் சீரடைந்தபின், சில நாட்கள் தம் குடும்பத்தாரோடு தங்கச் சென்னைக்குச் சென்றார். வீட்டார் அன்போடு ஏற்றனர். முதல் இரவு அயர்ந்து உறங்கியபோது எலி ஒரு விரலைக் கடித்துவிட்டது. மறுநாள் இரவு விளக்கருகே விழித்திருக்க முயன்று, விடியும் வேளையில் கண்ணயர்ந்தார். கை சரிந்து சூடான விளக்கின்மீது பட்டுத் தோல் வெந்துபோயிற்று. பிராண்டின் முன் இரு கைகளிலும் கட்டோடு வந்து நின்ற அவர், வலியே இல்லாத தாம் எவ்வாறு விடுதலை பெற்றவராக வாழ முடியும் என்று கண்ணீர் வடித்தார். அறுவைச் சிகிச்சையால் அளிக்க முடியாதது ஒன்று உண்டு என்பதை அன்று அந்த மருத்துவர் உணர்ந்தார்.

நொண்டாமல் நடந்தவர்கள்

கைகளைவிடக் கால்களே பெரிய சோதனையாக இருந்தன. உள்ளங்காலில் தோன்றும் குழிப்புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவார்கள், சிறிது ஆறும், மீண்டும் வெடிக்கும். கிருமியெதிர் மருந்துகளும் நிலையான பயன் தரவில்லை. எலும்பு வரை சீழ் பரவி, காலையே நீக்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

கட்டுப் போட்டுக்கொண்டு நோயாளி நடந்து செல்வதைக் கூர்ந்து நோக்கியபோது பிராண்டுக்கு உண்மை பளிச்சிட்டது. அவர்கள் நொண்டவில்லை. காலில் முள் தைத்தால் எவரும் நொண்டுவர். எடையை மறுகாலுக்கு மாற்றுவர். புண்பட்ட இடம் ஓய்வு பெற்று ஆறும். உணர்ச்சி இழந்தவரோ பிளந்த புண்ணின்மீதே முழு எடையையும் ஊன்றி நடக்கிறார். ஆறத் தொடங்கும் தசை ஒவ்வோர் அடியிலும் நசுங்குகிறது. தசை கெட்டதன்று, அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை.

ஓய்வு தரும் வழி மாவுக்கட்டு. முறிந்த எலும்புக்குப் போடுவதுபோல் பாதத்தோடு ஒட்டிப் படியுமாறு மாவுக்கட்டுப் போட்டால், எடை பாதம் முழுவதும் பரவிவிடும். புண்மீது அழுத்தம் விழாது. இந்தியாவிலும் இலங்கையிலும் சில மருத்துவர்கள் முன்னரே இம்முறையைக் கையாண்டிருந்தனர். பிராண்டும் அவருடைய குழுவினரும் அதனை விரிவாகப் பயன்படுத்தினர். சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, ஆண்டுக்கணக்கில் ஆறாதிருந்த புண்கள் மூடியிருந்தன. தொழுநோயாளியின் தசையும் பிற மனிதரின் தசையைப் போலவே ஆறும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

ஆறிய புண் மீண்டும் வராமல் காப்பது அடுத்த பணி. பழைய கட்டடக்காரரின் அறிவு இங்கே கைகொடுத்தது. எடையைப் பரப்பித் தாங்கும் மென்மையான அடிப்பகுதியும், கூர்மையான பொருள் ஊடுருவாத உறுதியான வெளிப்பகுதியும் கொண்ட காலணி தேவை. பல பொருள்களைச் சோதித்து, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பரைத் தேர்ந்தெடுத்தனர். ஆணி அடிக்காமல் செய்யப்படும் இந்தச் செருப்பே இன்று நாடெங்கும் எம்.சி.ஆர். செருப்பு என்னும் பெயரில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு வழங்கப்படுகிறது. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆராய்ச்சி மருத்துவமனை இப்பணிகளின் நடுவிடமாயிற்று. பல நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் அங்கு வந்து பயிற்சி பெற்றுச் சென்றனர்.

கண் மருத்துவரான மார்கரெட் அம்மையாரின் தொண்டும் இதனோடு இணைந்தது. உணர்ச்சி இழந்த கண்கள் இமைக்க மறந்து, வறண்டு, புண்பட்டுப் பார்வை இழப்பதை அவர் ஆராய்ந்தார். கணவர் கைகால்களைக் காத்தபோது, மனைவி கண்களைக் காத்தார்.

ஓர் இரவின் அச்சம்

1950களின் தொடக்கத்தில், அயல்நாட்டுப் பயணத்தை முடித்து இலண்டனில் ஓர் அறையில் தங்கியிருந்த இரவு, காலுறையைக் கழற்றிய பிராண்ட், தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததை அறிந்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நோயாளிகளிடையே வாழ்ந்தவருக்கு உடனே தோன்றிய எண்ணம் ஒன்றே. அன்றிரவு அவர் உறங்கவில்லை. மனைவி மக்களைத் தொட இயலாத வாழ்க்கையும், தனிமையும், புண்களும் மனக்கண்முன் வரிசையாக நின்றன. பொழுது விடிந்ததும் மீண்டும் ஊசியை எடுத்து ஆழமாகக் குத்தினார். சுருக்கென்ற வலி உடலெங்கும் ஓடியது. காய்ச்சலோடு நெடுநேரம் இரயிலில் ஒரே நிலையில் அமர்ந்து வந்ததால் நரம்பு தற்காலிகமாக மரத்துப் போயிருந்ததே காரணம்.

அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி செலுத்தினார். ஓர் இரவு மட்டும் தமக்கு நேர்ந்த அச்சத்தைத் தம் நோயாளிகள் வாழ்நாள் முழுதும் சுமக்கின்றனர் என்பதை அன்று அறிவால் மட்டுமன்றி உடலாலும் உணர்ந்தார். வலியைப் போக்குவதே மருத்துவம் என்று கற்றவர், வலியைக் காவலனாகப் போற்றத் தொடங்கினார்.

விலைக்கு வாங்க முடியாத காவலன்

1960ஆம் ஆண்டு ஆல்பர்ட் லாஸ்கர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் தலைமையை ஏற்றார். அங்கு அவர் செய்த சோதனைகள் பல. சிறிய அழுத்தமாயினும் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மீண்டும் மீண்டும் விழுந்தால், தசை முதலில் சூடேறிச் சிவந்து, பின்னர் புண்ணாகிறது என்று கண்டறிந்தார். புண் தோன்றுவதற்கு முன்பே அந்த இடம் சூடாகிவிடும். ஆகவே கையால் தடவிப் பார்த்து, வெப்பம் மிகுந்த இடத்தைக் கண்டு ஓய்வு கொடுத்தால், புண்ணை வருமுன் தடுக்கலாம். நீரிழிவினால் கால் உணர்ச்சி இழந்தவர்களுக்கும் இதே முறைகள் பயன்பட்டன. இன்று உலகெங்கும் நீரிழிவுக் கால் மருத்துவத்தில் அவை இடம் பெற்றுள்ளன.

செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவி ஒன்றைப் படைக்கவும் அவரும் பொறியியல் வல்லுநர்களும் முயன்றனர். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அறியும் சிறு கருவிகளைப் பொருத்தினர். அழுத்தம் மிகும்போது முதலில் ஒலி எழுந்தது, அணிந்தவர்கள் பொருட்படுத்தவில்லை. பின்னர் மின்னதிர்ச்சி தரப்பட்டது. விரும்பிய வேலையைச் செய்யும் நேரத்தில் அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் மீண்டும் இயக்கினர். பல ஆண்டு உழைப்புக்குப்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. மனிதனின் விருப்பத்துக்கேற்ப நிறுத்த முடியாதிருப்பதே வலியின் சிறப்பு என்பதும், இயற்கை இலவசமாக அளித்த காவலனுக்கு ஈடான ஒன்றை விலை கொடுத்துப் பெற முடியாது என்பதும் அந்தத் தோல்வி கற்பித்த பாடம்.

வலி செய்ய வேண்டியதைக் கவனம் செய்தல்

வலி இல்லாதவருக்கு அதன் இடத்தில் நிற்கக்கூடியது ஒன்றே ஒன்று, இடையறாத கவனம். பிராண்டின் வாழ்நாள் ஆராய்ச்சி முழுவதும் இதில் வந்து முடிகிறது.

1981ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப்பின், தொழுநோய் ஆறு மாதங்களிலோ பன்னிரண்டு மாதங்களிலோ குணமாகிறது. எனினும் மருந்து முடிந்த மறுநாளே தேமல்கள் மறைந்துவிடுவதில்லை. சில மெல்ல மங்கும். சில வெளிறிய, உணர்ச்சியற்ற தடங்களாக ஆண்டுக்கணக்கில் நிற்கும். கூட்டு மருந்துகளுள் ஒன்றான குளோபாசிமினால் கருத்த தோல், மருந்தை நிறுத்திய சில மாதங்களில் மெல்லத் தன் நிறத்துக்குத் திரும்பும். இந்தத் தடங்கள் நோய் இன்னும் இருப்பதற்கு அடையாளம் அல்ல. இவை உள்ளவரிடமிருந்து எவருக்கும் நோய் பரவாது. ஆனால் பழைய தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, நரம்பில் வலி எழுந்தாலோ, கைகால்களில் புதிதாகத் தளர்ச்சி தோன்றினாலோ தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். அது உடலின் எதிர்வினை. சிகிச்சை முடிந்தபின்னும் வரக்கூடும். விரைந்து கவனித்தால் நரம்பைக் காக்கலாம்.

நரம்பு பழுதுற்ற இடத்தில் வியர்வை சுரக்காது, தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும். ஆகவே நாள்தோறும் சுமார் அரைமணி நேரம் கைகால்களைச் சாதாரண நீரில் ஊறவைத்து, காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். வெந்நீர் கூடாது, சூட்டை அறியாத கால் வெந்துவிடும். மாலையில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தோ வீட்டாரைப் பார்க்கச் சொல்லியோ, முள், கொப்புளம், சிவப்பு, சூடு உண்டா என்று அறிய வேண்டும். நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்தால் கணுக்காலின் வெளி எலும்பில் புண் வரும். சூடான குவளையைத் துணி சுற்றியே பிடிக்க வேண்டும். சிறு புண்ணாயினும் அதன்மீது ஊன்றி நடக்கலாகாது. எளிய செயல்களே இவை. ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாதவை.

2005ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொழுநோய் குறைந்துவிட்டது என்னும் நிலையைத் தேசிய அளவில் இந்தியா எட்டியது. எனினும் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இங்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. முன்பே குணமடைந்தும் மரத்த கைகால்களோடு வாழ்வோர் இன்னும் பலர். அவர்களுக்கு மாத்திரை முடிந்துவிட்டது, கவனிப்பு முடியவில்லை.

தாயும் மகனும்

பிராண்டின் அன்னை எவலின் அம்மையார் கணவரை இழந்தபின்னும் மலைமக்களைப் பிரியவில்லை. ஓய்வு வயதை எட்டியபின் தாமாகவே மலைக்குத் திரும்பி, முதுமையிலும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று தொண்டு புரிந்தார். 1974ஆம் ஆண்டு தொண்ணூற்றைந்து வயதில் மறைந்த அவர், கொல்லிமலையில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகன் 1986ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்று, 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயற்கை எய்தினார்.

ஓர் உறுப்பு நோகும்போது உடல் முழுவதும் அதற்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. கால் நொந்தால் மறுகால் எடையைச் சுமக்கிறது. அந்த நோவு தெரியாத உறுப்பையே உடல் இழந்துவிடுகிறது. சமுதாயம் என்னும் உடலுக்கும் இந்நியதி பொருந்தும். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மனிதரின் துன்பம் ஊருக்குள் இருப்போருக்கு வலிக்காமற்போனதே தொழுநோயைவிடக் கொடிய மரத்துப்போதல். பிராண்ட் அந்த வலியைத் தம்முடையதாக ஏற்றார். தம் நோயாளிகளுக்கு இல்லாத உணர்ச்சியைத் தம் விரல்நுனிகளில் வைத்துக்கொண்டு, சூடேறிய பாதங்களைத் தேடித் தொட்டார்.

குணமடைந்த ஒருவர் மாலையில் திண்ணையில் அமர்ந்து தம் பாதத்தை நீரில் ஊறவைத்திருக்கும்போது, அருகில் அமர்ந்து அந்த உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. அதற்கு அறுவை மருத்துவம் அறிந்திருக்க வேண்டியதில்லை. அஞ்சாத கையும் நாள்தோறும் தவறாத பொறுமையும் இருந்தால் போதும். அந்தத் தொண்டு எவருக்கும் எட்டாத உயரத்தில் இல்லை.